"தையல்னா பிரிச்சுக்கலாம்... கட்டிங்னா முடியாது!" - திருப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி பிறந்த கதை

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். தையல் யூனிட்டுகளில் வேலை பார்க்கும் பலருக்கும் பீஸ் ரேட்தான். ஓவர்லாக் அடித்தவருக்கு ஒரு ரேட், பேட்லாக் போட்டவருக்கு வேறு ரேட், கைமடிக்குத் தனிக் கணக்கு. வாரம் முழுக்க யார் எத்தனை பீஸ் முடித்தார்கள் என்பது துண்டுச்சீட்டிலும் நோட்டிலுமாகச் சிதறிக் கிடக்கும். சனிக்கிழமை மதியம் கூட்டத் தொடங்கினால், இருபது மெஷின் உள்ள சின்ன யூனிட்டில்கூட முடிக்க ராத்திரி ஆகிவிடும். நடுவில் ஒரு சீட்டு தொலைந்தால் சண்டை நிச்சயம்.

தாய்மாமாவின் யூனிட்டில் இந்தக் கணக்கைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். அப்பா இல்லை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துப் படிக்க வைத்தார். இன்ஜினீயரிங் முடித்து, சென்னையில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் நான்கு வருடம் வேலை. கடைசியாக வாங்கிய சம்பளம் மாதம் 48,000 ரூபாய். 26 வயதில், 'சனிக்கிழமைக் கணக்கை மொபைலில் முடித்துக்கொடுக்கும் ஒரு ஆப் செய்யப்போகிறேன்' என்று ஊருக்குத் திரும்பினாள். கூடவே, அவளோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன். அவன் கோடிங்கில் கெட்டிக்காரன். அவளுக்கோ யூனிட்காரர்களின் பாஷை தெரியும்.

மாமாவிடம் சொன்னபோது, அவர் கட்டிங் டேபிளைக் காட்டி ஒரு விஷயம் சொன்னார். "இங்க பாரு கண்ணு. தையல் தப்பாப் போச்சுன்னா பிரிச்சுத் தைச்சுக்கலாம். நூல்தான் நஷ்டம். கட்டிங்ல தப்புன்னா துணியே போச்சு. அதனாலதான் தையலுக்கு யாரை வேணும்னாலும் உக்கார வைப்பேன், கத்திரிக்கு மட்டும் நான் நிப்பேன்."

அன்று இரவு ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டாள். இடது பக்கம் 'தையல்'. வலது பக்கம் 'கட்டிங்'. கம்பெனி ஆரம்பிக்க எடுக்க வேண்டிய முடிவுகளை எல்லாம் பிரித்து எழுதினாள். பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியவை இடது பக்கம். மாற்றவே முடியாதவை, அல்லது மாற்றினால் பெரிய விலை கொடுக்க வேண்டியவை வலது பக்கம். அடுத்த மூன்று வருடங்கள் அவளைக் காப்பாற்றியது அந்த ஒரு பக்கம்தான்.

பெயருக்கு மூன்று வாரம்!

கம்பெனிக்குப் பெயர் வைப்பதில் மட்டும் நண்பன் மூன்று வாரம் செலவழித்தான். லோகோவுக்கு நாற்பது டிசைன். அவிநாசி ரோட்டில் ஒரு ஆபீஸ் பார்க்கலாம் என்றும் சொன்னான்.

"பேரு இடது பக்கம்டா. பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்" என்றாள் அவள்.

அவள் சொன்னதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1996-ல் 'அட்வென்ட்நெட்' என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம்தான், 2009-ல் 'ஸோஹோ கார்ப்பரேஷன்' ஆனது. 2010-ல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதம் தொடங்கிய 'ஃப்ரெஷ்டெஸ்க்', 2017-ல் 'ஃப்ரெஷ்வொர்க்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறியதால் இரண்டும் படுத்துவிடவில்லை.

ஆனால், பெயரிலும் ஒரு சின்ன எச்சரிக்கை உண்டு. ஏற்கெனவே வேறொருவர் பதிவுசெய்த பெயரை வைத்துவிட்டு, வாடிக்கையாளர்கள் சேர்ந்த பிறகு வழக்கு வந்தால் சங்கடம். அதனால், டிரேட்மார்க் இணையதளத்தில் தேடிப் பார்த்து, யாரும் வைக்காத பெயராக எடுத்துக்கொண்டார்கள். தனிநபரும் சிறு நிறுவனமும் ஆன்லைனில் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பிக்க ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு கிடைத்தால் 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

ஆபீஸ் யோசனையைக் கைவிட்டார்கள். மாமா யூனிட்டின் மாடியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. இன்டர்நெட் மாமா கணக்கு.

நட்புக்குள் கணக்கு

வலது பக்கத்தில் அவள் முதலில் எழுதியது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பது.

"இதுல என்ன இருக்கு, ஆளுக்குப் பாதி" என்றான் நண்பன்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆடிட்டர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு இருவரிடமும் பதில் இல்லை. "ஆளுக்கு 50 சதவீதம். ஒரு விஷயத்துல நீங்க 'சரி'ன்னு சொல்றீங்க, அவர் 'வேண்டாம்'னு சொல்றார். யார் முடிவு பண்ணுவாங்க? அப்புறம், ஆறு மாசத்துல ஒருத்தர் விலகிட்டா, அந்தப் பாதிப் பங்கு அவரோடயே போயிடுமா?"

இரண்டாவது கேள்விக்கு உலகம் முழுக்க ஸ்டார்ட்அப்காரர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, 'வெஸ்டிங்'. பங்கைக் காகிதத்தில் முதல் நாளே எழுதினாலும், அது வேலை செய்யச் செய்யத்தான் சொந்தமாகும். வழக்கமாக நான்கு வருடக் கணக்கு. முதல் வருடம் முடிவதற்குள் விலகினால் ஒன்றும் கிடையாது. வருடம் முடிந்ததும் கால் பங்கு சொந்தம். அதன்பின் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

நண்பனுக்கு இது வலித்தது. "என்னை நம்பலையா நீ?" என்றான்.

"எனக்கும் இதே கணக்குதான்டா. நானே ஓடிப்போனா நீ என்ன பண்ணுவ?"

இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து கையெழுத்துப் போட்டான். முகமதிப்பு 10 ரூபாய் உள்ள 10,000 பங்குகள். அவளுக்கு 5,500, அவனுக்கு 4,500. இருவருக்கும் நான்கு வருட வெஸ்டிங். விலகினால், சொந்தமாகாத பங்கை முகமதிப்பிலேயே மற்றவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

எந்த மாதிரி கம்பெனி?

தனி உரிமையாளராகத் தொடங்குவதுதான் எளிது. ஆனால் இருவர் இருக்கிறார்கள், பங்கும் பிரிக்க வேண்டும். எல்.எல்.பி. ஒரு வழி. அதில் குறைந்தது இருவர் வேண்டும். ஆண்டு வரவு 40 லட்சத்தையோ, கூட்டாளிகள் போட்ட முதல் 25 லட்சத்தையோ தாண்டாதவரை கணக்குத் தணிக்கை கட்டாயம் இல்லை. செலவு குறைவு.

பிரைவேட் லிமிடெட்டில் வருமானமே இல்லாவிட்டாலும் தணிக்கை உண்டு. குறைந்தது இரண்டு டைரக்டர், இரண்டு பங்குதாரர். தொடங்கிய 180 நாள்களுக்குள் 'தொழிலைத் தொடங்கிவிட்டோம்' என்று அறிக்கை கொடுக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு, ஆண்டு அறிக்கை ஆகியவற்றைத் தாமதித்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். மறந்து ஒரு வருடம் விட்டால், ஒரு படிவத்துக்கே 36,500 ரூபாய்!

"பின்னாடி வெளியாள்கிட்ட முதலீடு வாங்குவீங்களா? வேலைக்கு வர்றவங்களுக்குப் பங்கு கொடுப்பீங்களா?" என்று கேட்டார் ஆடிட்டர். "கொடுக்கலாம்னு இருக்கோம்" என்றார்கள். "அப்போ பிரைவேட் லிமிடெட். ஆனா தேதியெல்லாம் காலண்டர்ல எழுதி வச்சுக்கங்க" என்றார். ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குப் பிறகு மாறவும் சட்டத்தில் வழி உண்டு. மாற்றும் செலவும் அலைச்சலும்தான் அதிகம்.

ஜி.எஸ்.டி.யை இடது பக்கம் போட்டாள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயம் இல்லை. தாண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எழுதிய கோடு யாருடையது?

இது பலரும் கோட்டை விடும் இடம். ஆப்பின் முகப்பையும் சில பகுதிகளையும் செய்ய, வெளியிலிருந்து ஒரு ஃப்ரீலான்ஸரை அமர்த்தினார்கள். 40,000 ரூபாய் பேசினார்கள். 'காசு கொடுத்தாச்சு, கோடு நம்முடையதுதானே?' என்று இருவரும் நினைத்தார்கள்.

1957-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸர் எழுதியது, அவர் எழுத்து மூலமாகக் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தால்தான் கம்பெனிக்கு. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். நாளைக்கு வங்கதேசத்தில் ஒரு தையல் நிறுவனம் ஆப்பை வாங்க வந்தால் சிக்கல்.

அதனால், 'உரிமைக்காலம் முழுமைக்கும், உலகம் முழுவதும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுத்தார்கள். நண்பன் இன்னும் பழைய வேலையில் நோட்டீஸ் பீரியடில் இருந்ததால், ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பதிலும் அவள் கறாராக இருந்தாள். வேலைக்குச் சேரும்போது போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கச் சொன்னாள். 'பணியில் இருக்கும்போது உருவாக்குவது நிறுவனத்துக்குச் சொந்தம்' என்ற வரி அதில் இருந்தது. பணியிலிருந்து விடுபட்ட மறுநாள், சொந்த லேப்டாப்பில் முதல் வரியை எழுதினான்.

அம்மாவின் பன்னிரண்டு பவுன்

பணம் என்று வந்தபோது, அம்மா பீரோவைத் திறந்தார். "பன்னண்டு பவுன் இருக்குது சாமி. உனக்குத்தானே வச்சிருக்கறேன். அடகு வச்சுக்க, அப்புறம் மூட்டிக்கலாம்."

அவள் நோட்டை எடுத்து வந்து அம்மாவுக்குக் காட்டினாள். நகைக்கடன் எந்தப் பக்கம்? மூட்ட முடிந்தால் இடது பக்கம். ஆப் விற்காவிட்டால், வட்டி ஏறி, நகை ஏலத்துக்குப் போனால் வலது பக்கம். ஆப் விற்குமா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், அதை வலது பக்கமாகத்தான் பார்க்க வேண்டும்.

கையில் இருந்த சேமிப்பு 6 லட்சம் ரூபாய். வீட்டுச் செலவு மாதம் 20,000. ஒரு வருடத்துக்கான 2,40,000 ரூபாயை அம்மா பெயரில் பிக்சட் டெபாசிட் போட்டாள். கம்பெனி மூழ்கினாலும் அதைத் தொடுவதில்லை என்று முடிவு. மீதி 3,60,000 ரூபாய் போனால் போகட்டும். அது தீரும்போது சம்பாதிக்கவில்லை என்றால், திரும்ப வேலை தேடிக்கொள்ளலாம். நகை பீரோவிலேயே இருந்தது.

வெளி முதலீட்டையும் வலது பக்கத்தில்தான் எழுதினாள். பங்கை விற்ற பிறகு, வாங்கியவரைக் கேட்காமல் பெரிய முடிவு எதையும் எடுக்க முடியாது. இதிலும் சென்னையின் அதே இரண்டு நிறுவனங்கள் இரண்டு பாதைகளைக் காட்டுகின்றன. ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ, வெளி முதலீட்டாளர்களின் பணம் இல்லாமல், வருமானத்திலேயே வளர்ந்தது. ஃப்ரெஷ்டெஸ்க், 2011 இறுதியில் ஆக்ஸெல் நிறுவனத்திடம் 10 லட்சம் டாலர் வாங்கி, மேலும் மேலும் முதலீடு திரட்டி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே போனது. இரண்டு வழியிலும் ஜெயித்திருக்கிறார்கள். ஆனால் முதலீடு வாங்கிய பிறகு, வேகமாக வளர்ந்தே ஆக வேண்டும். சனிக்கிழமைக் கணக்கு பார்க்கும் ஆப்புக்கு அந்த வேகம் வருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியும்வரை யாரிடமும் வாங்குவதில்லை என்று தள்ளி வைத்தாள்.

மாமாவும் காசு கொடுக்கணும்

முதல் வாடிக்கையாளர் மாமாதான். "நம்ம யூனிட்டுக்குச் சும்மா போட்டுக் குடு கண்ணு" என்றார் உரிமையோடு.

"இல்லைங்க மாமா. நீங்களே காசு கொடுக்கலைன்னா வேற யாருங்க கொடுப்பாங்க? மாசம் 500 ரூபாய். பிடிக்கலைன்னா நிறுத்திடுங்க."

முகம் சுருங்கினாலும் கொடுத்தார். அதன் பலன் முதல் மாதமே தெரிந்தது. இலவசமாக வாங்கியிருந்தால் பொறுத்துப் போயிருப்பார். காசு கொடுத்ததால், "ஒரே டெய்லர் காலையில ஓவர்லாக், மத்தியானம் பேட்லாக் உக்காந்தா கணக்கு தப்பா வருது" என்று போன் போட்டுத் திட்டினார். அந்தத் திட்டுதான் ஆப்பைச் சரிசெய்தது. நண்பன் திட்டம் போட்டிருந்த ஸ்டாக், பில்லிங், ஏற்றுமதி ஆவணம் எல்லாவற்றையும் தள்ளி வைத்து, சம்பளக் கணக்கு ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள்.

ஆறு மாதத்தில் பதினோரு யூனிட். அப்போதுதான் 500 ரூபாய் போதாது என்று புரிந்தது. புதியவர்களுக்கு 1,200 ரூபாய் ஆக்கினாள். பழையவர்களுக்கு? விலை இடது பக்க விஷயம்தான். ஆனால் பழைய வாடிக்கையாளருக்கு ஏற்றினால் நம்பிக்கை போய்விடும்; அது வலது பக்கம். 2010-ல் அமெரிக்க நிறுவனமான ஸென்டெஸ்க் திடீரென்று விலையை ஏற்ற, வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பழையவர்களுக்குப் பழைய விலையே என்று இறங்கி வந்தது. அந்தக் கோபத்தைப் பார்த்துத்தான், அதே தொழிலில் இறங்கலாம் என்ற யோசனையே கிரிஷ் மாத்ருபூதத்துக்கு வந்தது. அவள் பழைய பதினோரு பேருக்கும் ஒரு வருடம் அதே 500 ரூபாய் என்று வைத்தாள். பிறகு, முன்கூட்டியே சொல்லி ஏற்றினாள். பத்துப் பேர் தொடர்ந்தார்கள்.

பணம் வசூலிக்க முதலில் யு.பி.ஐ. க்யூ.ஆர். கோடு மட்டும். மாதா மாதம் ஞாபகப்படுத்துவது பெரும்பாடானதும், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் வசதிக்கு மாறினாள். முதல் முறை சம்மதம் கொடுத்துவிட்டால், ஒரு முறைக்கு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. போடத் தேவையில்லை என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதியைத் தளர்த்தியிருந்தது.

பதினாறாவது மாதம்

நண்பனின் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. வீட்டுக் கடன் தவணை வேறு. கம்பெனியில் இருவரும் மாதம் 12,000 ரூபாய்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்தபடி சொன்னான். "பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்கு. போகாம முடியாது."

அவள் அழுதாள். அவனும்தான். ஆனால் சண்டை வரவில்லை. யாருக்கு என்ன என்பது பதினாறு மாதங்களுக்கு முன்பே, இருவரும் சிரித்துக்கொண்டிருந்த காலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. 48 மாதத்தில் 16 மாதம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. 4,500-ல் 1,500 பங்கு அவனுக்குச் சொந்தம். மீதி 3,000 பங்கை முகமதிப்பில், 30,000 ரூபாய்க்கு அவளுக்கு மாற்றிக் கொடுத்தான்.

"அன்னைக்குக் கோபப்பட்டேன்ல? இன்னைக்கு இந்தப் பேப்பர் இல்லைன்னா, என்ன கேக்கறதுன்னு எனக்கும் தெரிஞ்சிருக்காது, என்ன கொடுக்கறதுன்னு உனக்கும் தெரிஞ்சிருக்காது" என்றான். இன்றும் ஏதாவது ஒரு இடத்தில் கோடு சிக்கினால், ஞாயிற்றுக்கிழமை போன் செய்து அவனைத்தான் கேட்கிறாள். பதினைந்து சதவீதம் அவனுடையது. அவனும் எடுத்துப் பேசுகிறான்.

பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு டைரக்டர் வேண்டுமே? அவன் விலகிய இடத்துக்கு அம்மா வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர், இப்போது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி டைரக்டர்.

மூன்றாவது வருடம்

இன்று 42 யூனிட்டுகள். ஆளுக்கு 1,200 என்று மாதம் 50,400 ரூபாய் வரவு. சர்வர், எஸ்.எம்.எஸ். செலவு 5,000. யூனிட்டுகளுக்கு நேரில் போய்ச் சொல்லிக்கொடுக்கும் தம்பிக்குச் சம்பளம் 16,000. அவள் எடுத்துக்கொள்வது 22,000. மிச்சம் 7,400 ரூபாயில் ஆடிட்டர் கட்டணமும் எதிர்பாராத செலவும். சென்னையில் வாங்கிய சம்பளத்தில் பாதிகூட இன்னும் வரவில்லை. சொந்தக்காரர்கள் விசேஷ வீட்டில் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கடன் இல்லை, அடகு இல்லை, வழக்கு இல்லை. டெபாசிட்டும் அப்படியே இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு பெரிய ஏற்றுமதி நிறுவனம் அழைத்திருந்தது. ஆப்பைத் தங்களுக்கு மட்டுமே தர வேண்டும், வேறு யாருக்கும் விற்கக் கூடாது, மொத்தமாக ஒரு தொகை தருகிறோம் என்றார்கள். இரண்டு வருடச் சம்பளத்துக்குச் சமமான தொகை. அவள் உடனே பதில் சொல்லவில்லை. நோட்டில் வலது பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். மாமாவிடம், நண்பனிடம், ஆடிட்டரிடம் கேட்க ஒரு மாத அவகாசம் வாங்கியிருக்கிறாள்.

இதற்கிடையில் இந்த வருடக் கணக்கறிக்கை கையெழுத்துக்கு வந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "இங்க போடுங்கம்மா" என்று ஆடிட்டர் ஆபீஸ் பையன் விரலை வைத்தான். அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இரு தம்பி, மொதப் பக்கத்துல இருந்து படிச்சுக்கறேன்" என்று அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.